பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போரிங்: பழைய எஸ்டீம் இன்ஜின் கட்டுகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக ஒரே இன்ஜின் பிளாக்கை போரிங் செய்ய, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க, மூன்று தடவை கோவைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு தடவையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. மற்ற இரண்டும் என் அவசரத்துக்கு நான் அழுத தண்டம்.

வண்டி 16 வால்வு மாருதி எஸ்டீம். செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே வாங்கியது. 1298 சி.சி., போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. இன்ஜினை இறக்குவது, ஹெட்டைக் கழற்றுவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: போரை அளப்பது

மேலே, நடுவில், கீழே என மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் கிராங்க் போகும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. போர் டயல் கேஜ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வெர்னியர் போல்ட் அளக்கத்தான் லாயக்கு. சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, கடைசல் பட்டறையிலேயே உங்கள் கண்முன் அளக்கச் சொல்லலாம். மைக்ரோமீட்டர் மட்டும் சொந்தமாக வேண்டும். பழையது கிடைத்தாலும் மிடுடோயோதான் என் சிபாரிசு. சீனத்து டிஜிட்டல் ஒன்று வாங்கினேன், காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு காட்டியது.

படி 2: சிலிண்டரை என்ன செய்வது

யூடியூபில் போர்ஷே 911 பார்த்துவிட்டு, “பிஸ்டனும் சிலிண்டரும் செட்டாக வாங்கலாமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. பழைய ஏர்கூல்டு 911-இல் ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனித் துண்டு. பலவற்றில் உள்ளே நிக்கசில் என்ற கடினமான பூச்சு இருக்கும், அதை நம்மூர் பட்டறையில் சாதாரணமாக போர் செய்ய முடியாது. அதனால் அங்கே செட்டாக வாங்குகிறார்கள். எஸ்டீமில் அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு லைனர் (உள் உறை). அதை போர் செய்து பெரிதாக்கலாம். ஆழமான கீறலோ விரிசலோ இருந்தால்தான் புது லைனர்.

ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ., 0.50 மி.மீ. பெரிதாக வரும். 0.50 போட்டால் போர் 74.5, மொத்தம் சுமார் 1316 சி.சி. கூடுவது வெறும் 18 சி.சி. ஓவர்சைஸ் என்பது தேய்மானத்தைச் சரிசெய்யத்தான், பவருக்கு அல்ல. 0.25-இல் கீறல் மறைந்துவிட்டால் அதோடு நிறுத்துங்கள். மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். பப்ளிக் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தையும் நினைவில் வையுங்கள். அதில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

படி 3: பிஸ்டன்

மூன்று வகை. வார்ப்பு பிஸ்டன் சத்தம் போடாது, விலையும் குறைவு. வீட்டு வண்டிக்கு இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்ரீராம் மாதிரி நம் நாட்டுத் தயாரிப்பே தாராளம். ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கியது) என்றால் இரண்டு அலுமினியக் கலவை: 4032, 2618. முன்னதில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம், சூட்டில் குறைவாக விரியும். 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். அதனால் கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளி) கூட வைக்க வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வரும். டர்போ இல்லாத வண்டிக்கு 4032 போதும். நான் ஆசைப்பட்டு 2618 வரவழைத்தேன்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால், பிஸ்டன் பின்னின் (பிஸ்டனை கனெக்டிங் ராடோடு கோக்கும் தண்டு) விட்டம், அதன் மையத்திலிருந்து தலை வரை உள்ள உயரம், தலையில் உள்ள வால்வுக் குழி மூன்றையும் உங்கள் ஹெட்டோடு ஒப்பிடுங்கள். 8 வால்வு பிஸ்டன் 16 வால்வுக்கு ஆகாது. தலை மேடாக இருந்தால் கம்ப்ரஷன் ஏறும், பங்கில் கிடைக்கும் சாதா பெட்ரோலுக்கு இன்ஜின் தட்டும். நான்கு பிஸ்டனையும் நகைக்கடைத் தராசில் நிறுத்தால் 2 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

படி 4: நான் மாட்டிக்கொண்ட இடம்

பிஸ்டன் உருளை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தலைப்பக்கம் சிறுத்து, கீழே ஸ்கர்ட் எனும் பாவாடைப் பக்கம் பெருத்திருக்கும், ஏனென்றால் தலைதான் அதிகம் சூடாகி விரியும். பிஸ்டன் பின் போகும் திசையிலும் சிறுத்து, லேசான முட்டை வடிவில் இருக்கும். ஆகவே எங்கே அளக்கிறோமோ அதைப் பொறுத்து விட்டம் மாறும். பெட்டியில் வரும் தாளில் எழுதியிருப்பார்கள்: ஸ்கர்ட் அடியிலிருந்து இத்தனை மி.மீ. மேலே, பின்னுக்கு 90 டிகிரியில் அளக்க வேண்டும், கிளியரன்ஸ் இவ்வளவு.

கிளியரன்ஸ் 0.07 மி.மீ. என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது. பெட்டியோடு தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆயில் ரிங்குக்குக் கீழே அளந்தேன், 74.40. 0.07 கூட்டி 74.47-க்கு போர் செய்யச் சொன்னேன். பட்டறைப் பெரியவர், “பேப்பர் எங்கங்க தம்பி?” என்றார். இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஸ்கர்ட்டில் உண்மையான அளவு 74.43. வித்தியாசம் 0.03, ஒரு தலைமுடியின் பாதிகூட இல்லை. வாளையார் தாண்டி ஹைவேயில் மூன்றாவது சிலிண்டர் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது தடவை அளந்தது சரியான இடத்தில், ஆனால் சித்திரை வெயிலில். டிக்கியில் கிடந்த பிஸ்டனை எடுத்து அப்படியே அளந்தேன். அலுமினியம் 10 டிகிரி கூடினாலே 74 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட 0.015 விரியும். நல்லவேளை, பெரியவர் பிஸ்டனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பினார். இப்போது பிஸ்டன், பிளாக், மைக்ரோமீட்டர் மூன்றும் ஒரே அறையில் ஓர் இரவு கிடந்த பிறகுதான் அளக்கிறேன்.

அதனால்தான் தலைப்பில் அப்படிப் போட்டேன். “0.50 போர் பண்ணி வைங்க, பிஸ்டன் பிறகு வரும்” என்று பிளாக்கை விட்டுவிட்டு வராதீர்கள். நான்கு பிஸ்டனுக்கும் நம்பர் போட்டு, எந்த பிஸ்டனுக்கு எந்த போர் என்று அளவோடு கொடுங்கள். ஹோனிங் (போரைக் கல்லால் தேய்த்து கடைசி அளவுக்குக் கொண்டுவருவது) செய்யும்போது டார்க் பிளேட், அதாவது ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கும் கனத்த தகடு, மாட்டச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை முறுக்கினால் அலுமினிய பிளாக் கொஞ்சம் நெளியும், அந்த நெளிவோடு ஹோன் செய்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். பிளேட் இல்லாத பட்டறை என்றால் வேறு பட்டறை.

படி 5: மாட்டுவது

ரிங்கை போருக்குள் தள்ளி, பிஸ்டன் தலையால் நேராக்கி, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். டர்போ இல்லாத இன்ஜினுக்கு மேல் ரிங் இடைவெளி போர் அளவோடு 0.004-ஐப் பெருக்கினால் வரும், நமக்குச் சுமார் 0.30 மி.மீ. குறைந்தால் அரம் போடலாம். கூடினால் வேறு ரிங்தான்.

போரைப் பெட்ரோலால் கழுவாதீர்கள், ஹோனிங் பொடி கல் விட்ட வரியிலேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஏறக் கூடாது. உடனே எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் கண்முன்னே துருப்பிடிக்கும்.

பிறகு சேர்த்தது: பட்டறைக்காரர் “மூணு தௌ வைக்கலாமா?” என்று கேட்கிறார், அது எவ்வளவு என்று தென்காசியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தௌ 0.0254 மி.மீ., மூன்று தௌ 0.076. வாய்ப்பேச்சில் அது ரெண்டரை தௌவாகவும் ஆகும், 0.064. அதனால் கிளியரன்ஸைச் சொல்லாதீர்கள். முடிந்த போர் அளவை மட்டும், “1-ஆம் சிலிண்டர் 74.50” என்று, பிளாக்கின் மேலேயே மார்க்கரால் எழுதிக் கொடுங்கள்.