ஓவிய வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி? ஒரு சிற்பம், ஒரு பீரியட்

ஒரு படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்று வகுப்பே கோரஸ் பாடும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை, அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். கேள்வியையும் நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் கொஞ்சம் மாற்றினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சிற்பத்தைப் பற்றி முழு பீரியடும் பேசுவார்கள். புதிதாக ஓவிய ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள் அப்படியே எடுத்துச் செய்யும்படி மாமல்லபுரத்துப் பெரிய புடைப்புச் சிற்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

1. சண்டைக்கு இடம் தரும் படமாகப் பாருங்கள்

ஒரே பதில் உள்ள படத்தில் விவாதம் நடக்காது. மாமல்லபுரச் சிற்பம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தது. ஏறக்குறைய 30 மீட்டர் நீளம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. அதன் இடப்பக்கம் ஒற்றைக் காலில் கையைத் தூக்கி நிற்கும் ஒரு தவசி, அருகே சிவன். அவர் அர்ஜுனன் என்று ஒரு சாரார், பகீரதன் என்று இன்னொரு சாரார். அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. வகுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்மார்ட் போர்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஐந்து பேருக்கு ஒன்று என்று ஏ3 கலர் பிரிண்ட் போதும். செல்போன் படத்தை மட்டும் நம்ப வேண்டாம், இதில் சின்ன உருவங்கள்தான் சுவாரஸ்யமே.

2. பெயரைச் சொல்லாதீர்கள்

இதுதான் கஷ்டமான படி. "இது அர்ஜுனன் தபசு" என்று தொடங்கிவிட்டால் பிள்ளைகள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள், பார்ப்பது நின்றுபோகும். படத்தைக் கொடுத்து இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். கண்ணில் பட்டதை ஆளுக்கு மூன்று வரி எழுதட்டும். சத்தமாகப் பேசும் நாலு பேரே எப்போதும் பேசுவதை இந்த மூன்று வரி தடுக்கும். கடைசி பெஞ்சில் இருப்பவர் கையிலும் வாசிக்க ஏதோ ஒன்று இருக்கும்.

மாமல்லபுரம் போய் வந்த பிள்ளை ஒருவர் "எனக்குத் தெரியும் சார்" என்று எழுவார். "உனக்குத் தெரிஞ்சதைக் கடைசியில கேக்கிறேன், அதுவரைக்கும் ரகசியமா வச்சுக்கோ" என்று சொல்லிவிடுங்கள்.

3. மூன்றே கேள்விகள்

உளவியலாளர் அபிகேல் ஹவுசனும், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த பிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. நம் பேச்சு வழக்கில் சொன்னால்:

இங்க என்ன நடக்குது?
எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?
வேற என்ன தெரியுது?

நடுக் கேள்விதான் உயிர். "அவர் ரொம்ப நாளா தவம் பண்றார்" என்று ஒரு பிள்ளை சொன்னால் "எதைப் பார்த்து?" என்று கேளுங்கள். "விலா எலும்பு தெரியுது சார்" என்று வரும். அந்த நிமிடத்தில் அபிப்பிராயம் ஆதாரமாகிவிட்டது. குரல் மட்டும் மிரட்டுவது போல இருக்கக்கூடாது. இல்லையென்றால் "சும்மா சொன்னேன் சார்" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

4. வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, தாமாகப் பேசுபவர்களும் கூடுகிறார்கள். மூன்று நொடி வகுப்பில் நின்று பாருங்கள், யுகம் மாதிரி இருக்கும்.

அடுத்தது, "வெரிகுட்" சொல்லாதீர்கள். முதல் பதிலுக்கு வெரிகுட் விழுந்தால் சரியான விடை வந்துவிட்டது என்று மற்றவர்கள் கையைக் கீழே போட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: "சரி, கைகள் மேலே இருக்கிறதால வேண்டுறார்ங்கிறே. வேற யாராவது அதை வேற மாதிரி பார்க்கிறீங்களா?"

5. பூனையிடம் வாருங்கள்

பேச்சு சோர்ந்தால் வலப்பக்கம் பெரிய யானையின் காலருகே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பூனை பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும். சுற்றி எலிகள். வகுப்பு சிரித்து ஓயட்டும். பிறகு மேலே இருக்கும் தவசியையும் இந்தப் பூனையையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நிற்பு, அதே கைகள்!

"இவ்வளவு பெரிய தெய்வக் காட்சியில இந்தக் குறும்பு எதுக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி. "உருத்திராட்சப் பூனை சார்" என்று யாராவது சொல்வார்கள். இல்லை, தவத்தைப் பார்த்துப் பூனைகூட மாறிவிட்டது, அதனால்தான் எலிகள் பயப்படவில்லை என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் கல்லில் ஆதாரம் இருக்கிறது. கங்கைக் கரையில் தவம் செய்வதாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் உண்டு. அதை இப்போதே சொல்லாமல் சண்டை சூடு பிடித்த பிறகு சொல்லுங்கள்.

6. பிளவை மறைத்துப் பாருங்கள்

கலைச்சொற்களுக்கு இதுதான் இடம். ஒரு வெள்ளைத் தாளை நீளமாகக் கிழித்து நடுப் பிளவின் மேல் வையுங்கள். "இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். எல்லா உருவங்களும் எதையோ நோக்கி வருகின்றன, அந்த எது காணவில்லை என்பது உடனே தெரியும். தாளை எடுத்தால் பிளவுக்குள் நாகர்கள், அதாவது பாதி மனித உருவம், பாதி பாம்பு. மையம், சமநிலை, பார்வையின் ஓட்டம் ஆகிய சொற்களை இப்போது போர்டில் எழுதுங்கள். முதலிலேயே எழுதியிருந்தால் மனப்பாடப் பகுதி ஆகியிருக்கும்.

7. இப்போது பெயர்களைச் சொல்லி, இரண்டு கட்சியாக்குங்கள்

இரண்டு கதைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். சிவனிடம் பாசுபதம் என்ற அஸ்திரத்தை வேண்டித் தவம் செய்த அர்ஜுனன். கங்கையைப் பூமிக்கு இறக்கத் தவம் செய்த பகீரதன். எந்தக் கட்சி ஆனாலும் ஒரு நிபந்தனை: படத்தில் விரல் வைத்துக் காட்டித்தான் பேச வேண்டும். பகீரதன் கட்சிக்குப் பிளவும் நாகர்களும் கிடைக்கும். பிளவு வழியே தண்ணீர் விழும்படி மேலே ஏற்பாடு இருந்திருக்கலாம் என்ற கருத்தை நீங்கள் கொடுக்கலாம். அர்ஜுனன் கட்சிக்கு வில்லோடு இருக்கும் வேடர்கள் உதவுவார்கள், வேடனாக வந்த சிவனின் கதை அல்லவா. பேச்சின் நடுவே கட்சி மாற அனுமதி உண்டு, ஆனால் எந்த உருவம் மாற்றியது என்று சொல்லிவிட்டு மாற வேண்டும். ரகசியம் வைத்திருந்த பிள்ளையை இப்போது பேச விடுங்கள், அவருக்கும் அதே நிபந்தனைதான்.

தீர்ப்பு சொல்லச் சொல்லி உங்களைத் துளைத்தெடுப்பார்கள். சொல்லாதீர்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலில் எழுதிய மூன்று வரியை எடுத்து, கீழே இன்னும் மூன்று வரி எழுத வைத்து நோட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போட வேண்டியிருந்தால் எந்தக் கட்சி என்று பார்க்காமல், இரண்டாவது மூன்று வரியில் எத்தனை உருவங்களைச் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் போடுங்கள். அடுத்த வாரத்துக்கு மெரினாவின் உழைப்பாளர் சிலையை எடுக்கலாம். பாறையைப் பெயர்க்கும் நான்கு பேரில் யாருக்கு அதிக பாரம் என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும்.