விறகடுப்புக்கு இடம் பார்க்கும்போது மலையக வீடுகளில் நேரும் தவறுகள்

தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குப் போகும் குடும்பங்கள், வாசல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், சுவாமித்தட்டு எங்கே வர வேண்டும் என்பதையெல்லாம் பல நாள் பேசி முடிவு செய்கின்றன. விறகடுப்பைப் பற்றிய பேச்சு மட்டும் மேசன் பாஸ் குசினிச் சுவரை எழுப்பி முடித்த பிறகே வருகிறது. மிஞ்சியிருக்கும் மூலையில் அடுப்புத் திட்டைக் கட்டி, அதற்கு நேர் மேலே தகரத்தில் ஒரு துளையிட்டுக் குழாயை நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்த புகைத் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கியவைதான். புகை போகும் வழியை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த வழியின் அடியில் அடுப்பை அமைக்க வேண்டும்.

இதைச் சிறிய விடயமாக எண்ண முடியாது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2022இல் இலங்கையில் எரிவாயு கிடைக்காத மாதங்களில், சிலிண்டரை நம்பிக் குசினி கட்டியவர்களும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டிப்போடும் மிளாறு தேடிப் போனார்கள். அப்போது அவசரத்துக்கு வைத்த அடுப்பை இன்னும் அதே இடத்தில் எரித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நம் பகுதிக்கே உரிய தவறு ஒன்றை முதலில் சொல்கிறேன். மலைச்சரிவை வெட்டிக் கட்டும் வீடுகளில் குசினி பின்பக்கத்தில், வெட்டிய மண் திட்டை ஒட்டியே அமைகிறது. குழாயின் வாய் அந்தத் திட்டின் உச்சியைவிடத் தாழ்ந்திருந்தால், திட்டைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கி விழுந்து புகையைத் திரும்பவும் வீட்டுக்குள் தள்ளிவிடும். லிந்துலைப் பக்கத்திலுள்ள எங்கள் தாய்வீட்டில் இதுதான் நடந்தது. விடிகாலையில் அம்மாயி (அம்மாவின் அம்மா) கேத்தலை வைத்து மிளாறைப் பற்ற வைத்தால், முதல் கால் மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றுதான் தேத்தண்ணி கொதிப்பதைப் பார்க்க முடியும். மழைக்காலத்தில் குழாய்ப் பொருத்திலிருந்து கபில நிறத் தார்நீர் சொட்டுச் சொட்டாக ரொட்டிப் பலகையில் விழும். விறகைத்தான் நாங்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு அடுப்பை வீட்டின் நடுச்சுவர்ப் பக்கம் மாற்றி, குழாயைக் கூரை முகட்டுக்கு அருகே வெளியேற்றினோம். அதே விறகு புகையாமல் எரிந்தது.

குழாயின் உயரத்துக்குப் பல நாடுகளில் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். அத்துடன், சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். முகட்டுக்கு அருகே வெளியேறும் குழாய்க்கு இந்தக் கணக்கு எளிதில் நிறைவேறும். கூரையின் தாழ்ந்த ஓரத்தில் வெளியேறினால், ஆடிக்காற்றில் ஆடி விழும் அளவுக்கு நெட்டைக் குழாய் தேவைப்படும்.

பின்புறத் திட்டை மேலும் வெட்டி அடுப்படிக்கு இடம் காண நினைப்பது இன்னும் பெரிய தவறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வெட்டும் அத்தகைய பேரழிவில் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவின் அடியை வெட்டினால் மேலிருக்கும் மண்ணைத் தாங்கும் பிடிமானம் குறைகிறது. அடுப்படிக்கு இன்னும் நான்கு அடி வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

புகைபோக்கியை முழுவதுமாக வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டினால் வீட்டுக்குள் இடம் மிச்சமாகும் என்று நினைப்பதும் பிழைதான். சூடான புகை குளிர்ந்த காற்றைவிட இலேசாக இருப்பதால்தான் மேலே போகிறது. நுவரெலியாவின் தைமாதக் குளிரில் இரவு முழுவதும் வெளியே நனைந்து நின்ற குழாய்க்குள் கனத்த குளிர்காற்று அடைத்துக்கொண்டிருக்கும்; காலையில் எழும் புகை அதைத் தள்ள முடியாமல் திரும்பி வரும். குளிர்ந்த குழாயின் உட்சுவரில் புகை படிந்து தாராகிறது. அந்தத் தார் தடித்துவிட்டால் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பற்றும். ஈரவிறகு இதை விரைவுபடுத்துகிறது. அன்று வெட்டிய மரத்தில் ஏறத்தாழப் பாதி எடை நீர்தான். ஆகவே அடுப்படிக்குப் பக்கத்திலேயே மழை படாத, காற்றோட்டமுள்ள விறகடுக்கும் இடமும் இருந்தாக வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே தாழ்வாகப் பரண் கட்டி விறகைக் காய வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். ஒரு பொறி போதும்.

காற்றின் திசையை ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஹற்றன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையோடு அடிக்கிறது. அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும். அங்கே பெருமழை வருவது ஆண்டின் கடைசி மாதங்களில். மாசியில் சரியாகத் தெரிந்த மூலை ஆடியில் பொல்லாததாகிவிடலாம். அதைச் சோதிப்பதற்கு வேண்டிய கருவி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அடுப்பு வைக்க நினைக்கும் இடத்தில் சாம்பிராணிக் கரண்டியை வைத்து, கதவையும் சன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தும் மூடியும், காலை, மதியம், மாலை என்று பல நாட்கள் பாருங்கள். புகை எழுந்தவுடனே ஒரு பக்கமாகச் சாய்ந்து கலைந்தால் அது எதிரெதிர்ச் சன்னல்களின் காற்றோட்டப் பாதை. அங்கே அடுப்பு வேண்டாம். காற்று வரும் பக்கத்துச் சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் புகை மேலே போக உதவும். காற்று போகும் பக்கத்துச் சன்னலை மட்டும் திறந்தால் அது குழாய்க்குள்ளிருந்தே புகையைக் கீழே இழுத்துவிடும்.

கூரை மரமும் மின்வயரும் எங்கே போகின்றன என்று பார்க்காமல் இடத்தைக் குறிப்பதும் தவறு. ஒற்றைத் தகரக் குழாய்க்கும் பாதுகாப்பில்லாத மரத்துக்கும் இடையே 18 அங்குல இடைவெளி வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால், உலர்ந்த நிலையில் அறுத்துத் தூசியைக் கிளப்பக்கூடாது. எரிவாயுச் சிலிண்டரும் விறகடுப்பும் ஒரே அடுப்புத் திட்டில் இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தணலைத் தேடிப் போகும். சிலிண்டருக்கு வேறு இடம் பாருங்கள். பின்கதவுக்கும் கழிப்பறைக்கும் பிள்ளைகள் ஓடும் பாதையில் அடுப்பின் வாய் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டு உறவினர் வீட்டில் பெலட் அடுப்பைக் கண்டவர்கள் அதை இங்கே வைக்கலாமா என்று கேட்கிறார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை மின்மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, விசிறி எரிய வைக்கும் அடுப்பு அது. மின்சாரம் நின்றால் பெரும்பாலான வகைகள் அணைந்துவிடும். ஈரம் பட்டால் உருளைகள் உப்பி உதிர்ந்துவிடும். 2022 மார்ச்சில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டைக் கண்ட நாட்டில், மூடுபனி குசினிக்குள்ளேயே வரும் ஊர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் மிகவும் அஞ்சும் தவறு இரவில் நடக்கிறது. அடுப்பைத் தூங்கும் அறைக்கு எட்டத்தில் வைத்துவிட்டு, குளிர் தாங்காமல் தணலை ஒரு சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தணலில் புகை இராது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அடுப்பின் பின்சுவர் படுக்கையறையின் சுவராகவும் இருக்கும்படி முதலிலேயே இடம் குறித்தால், மாலையில் எரித்த நெருப்பின் சூட்டைச் செங்கல் சுவர் பிடித்து வைத்துக்கொண்டு மறுபக்கம் மெல்ல விடும். எங்கள் அம்மாயியின் கட்டிலை இப்போது அந்தச் சுவரோரம்தான் போட்டிருக்கிறோம்.