வந்தது வேற சென்சார்

தங்கச்சிமடத்துல எங்க வீட்டு மாடியில காற்றழுத்தம், ஈரப்பதம் பார்க்க ஒரு சின்னக் கருவி செய்யலாம்னு, வெப்பத்தோட இது ரெண்டையும் அளக்கிற பிஎம்இ280 சென்சார் ஆர்டர் பண்ணினேன். கூரியர்காரர் பாம்பன் பாலம் தாண்டி வர ரெண்டு நாள் இழுத்தார், அது பழகிப்போன கதை.

பிரச்சனை அப்புறம்தான். புரோகிராம் ஏத்தினா "சென்சார் இல்லை"ங்குது. ஒயரை மாத்தினேன், சால்டரிங்கை மறுபடி வச்சேன், ஒரு ராத்திரி முழுக்க வீண். கடைசியில சிப்போட அடையாள எண்ணைப் படிச்சுப் பார்த்தேன். சிப்புக்குள்ள அந்த எண் இருக்கிற டி0ங்கிற இடத்துல (ரெஜிஸ்டர்) ஹெக்ஸ் (16 அடிமான எண்) 60 வந்தா பிஎம்இ. எனக்கு வந்தது 58. அதாவது பிஎம்பி280. வெப்பம், காற்றழுத்தம் மட்டும்தான், ஈரப்பதம் கிடையாது. விலையும் குறைவு! லென்ஸ் வச்சுப் பார்த்தாலே தெரியும்: பிஎம்இ மூடி சதுரம், 2.5 மி.மீ.; பிஎம்பி செவ்வகம், 2 மி.மீ. அகலம்.

கடைக்குப் புகாரா வெறுமனே திட்டி எழுதல. எண் தெரியிற ஸ்கிரீன்ஷாட், மூடியோட படம் ரெண்டையும் அனுப்பினேன். முதல்ல "ஒயரிங் பாருங்க"ன்னாங்க, படத்தைப் பார்த்ததும் மாத்தி அனுப்பிட்டாங்க. இப்ப பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துடுறேன்.

ஒண்ணு, நம்ம உப்புக்காத்துல பின்னெல்லாம் பச்சை பூத்துடும். சால்டர் பண்ணின இடத்துல நெயில் பாலிஷ் தடவினேன். சென்சார் மூடியில இருக்கிற ஓட்டையில மட்டும் படக்கூடாது. பழைய பிஎம்பி சும்மா கிடக்கல, மச்சானோட வள்ளத்துல காற்றழுத்தம் பார்க்குது.