டவலில் மெஷின் எம்ப்ராய்டரி: புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்க்கி டவலில் போட்ட பெயர் மெஷினிலிருந்து எடுக்கும்போது அழகாகத்தான் இருக்கும். நாலைந்து தடவை துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் குறை தெரியும். எழுத்துக்கு நடுவே டவலின் நூல் எட்டிப் பார்க்கும், ஓரங்கள் கலைந்து போயிருக்கும், மெல்லிய கோடுகள் இருந்த இடமே தெரியாது. சாதாரணக் காட்டன் துணி தட்டையானது, தையல் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். டவலிலோ நூல் கண்ணிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. தையல் அவற்றுக்கு இடையே இறங்கிவிடும். அதனால் துணிக்குச் சரியாக வரும் டிசைனையும் செட்டிங்கையும் அப்படியே டவலுக்குக் கொண்டுவந்தால் சரிப்படாது.

டாப்பிங் போட்டால் போதும் என்று நினைப்பது

தண்ணீரில் கரையும் மெல்லிய டாப்பிங் தாளை டவலின் மேல் விரித்துத் தைக்க வேண்டும் என்பதைப் பலரும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள். அது தேவைதான். ஆனால் தைக்கும் நேரத்தில் கண்ணிகளை அழுத்தி வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். முதல் துவையலில் தாள் கரைந்து போகும், கண்ணிகள் மறுபடி நிமிரும். அதற்குப் பிறகு அவற்றை அடக்கி வைப்பது டிசைனுக்கு அடியில் இருக்கும் அண்டர்லே தையல் மட்டுமே.

எனவே டிசைனைத் தேர்ந்தெடுக்கும்போதே அண்டர்லேயைப் பாருங்கள். சாட்டின் (கோட்டின் அகலம் முழுக்கக் குறுக்காகப் போகும் நெருக்கமான தையல்) எழுத்துக்கு ஓரத்தை ஒட்டி ஓடும் ஒரு வரிசை, அதன்மேல் ஜிக்ஜாக், இரண்டும் வேண்டும். கண்ணி உயரமான டவல் என்றால் ஜிக்ஜாக்கை எதிரெதிர்ச் சாய்வில் இரண்டு முறை ஓட்டலாம். நடுவில் ஒற்றைக் கோடு மட்டும் ஓடும் அண்டர்லே டவலுக்குப் போதாது.

பலர் செய்வது வேறு. டவல் நூல் வெளியே தெரிகிறது என்றதும் மேல் தையலை நெருக்கமாக்கிவிடுகிறார்கள். வரிகளுக்கிடையே 0.4 மி.மீ. இடைவெளி வழக்கமானது. டவலுக்கு 0.35 வரை போகலாம். அதற்கும் கீழே குறைத்தால் டிசைன் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும், சுற்றிலும் டவல் சுருங்கும், நூல் அடிக்கடி அறும். நெருக்கத்தைக் கூட்டுவதைவிட அடித்தளத்தைப் பலப்படுத்துவதே சரியான வழி.

நுணுக்கமான டிசைன் போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன் டவலின் நிறத்திலேயே நாக்டவுன் தையல் போட்டுக்கொள்ளுங்கள். வரிகளுக்கிடையே 1 முதல் 1.5 மி.மீ. விட்டு, டிசைனின் விளிம்பைத் தாண்டி 3 முதல் 4 மி.மீ. வரை பரவும் தளர்வான ஃபில் (பரப்பை வரிவரியாக நிரப்பும் தையல்) இது. கண்ணிகள் நிரந்தரமாகப் படிந்துவிடும், டிசைன் ஒரு சிறு பள்ளத்தில் பதித்ததுபோல் தெளிவாக நிற்கும். இதன் சாய்வும் மேல் தையலின் சாய்வும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் மேல் தையல் கீழ் வரிகளின் இடைவெளிக்குள் விழுந்துவிடும்.

டவலுக்கு ஒத்துவராத டிசைன்

ஒற்றைக் கோட்டு ஓவியங்கள், பென்சில் வரைபோன்ற பூக்கள், சிறிய எழுத்துகள் ஆகியவற்றை டவல் விழுங்கிவிடும். சாட்டின் கோடு குறைந்தது 2 மி.மீ. அகலம் இருக்கட்டும், 3 இருந்தால் இன்னும் நல்லது. 7 மி.மீ. தாண்டினால் வேறு சிக்கல்: நீண்ட தையல்கள் விரலிலும் நகையிலும் மாட்டி இழுபடும். அகலமான இடங்களுக்கு ஃபில் தையலே பொருத்தம்.

தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'ண', 'ன' போன்றவற்றின் சுழிகளைப் பாருங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வரும். அந்த இடத்தில் நிற்கும் நாலைந்து கண்ணிகள் பக்கவாட்டில் சாய்ந்து தையலை மூடிவிடும், சுழி வெறும் உருண்டையாகத் தெரியும். மெய்யெழுத்துப் புள்ளியும் அப்படியே காணாமல் போகும். எழுத்தின் உயரம் 25 மி.மீ.க்குக் குறையாமலும், புள்ளியின் குறுக்களவு 3 மி.மீ.க்குக் குறையாமலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயருக்கும் இதே உயரம் பொருந்தும்.

தடித்த டவலை ஹூப்புக்குள் திணிப்பது

ஹூப்பின் இரண்டு வளையங்களுக்கு நடுவே டவலை அழுத்தி இறுக்கினால் கண்ணிகள் நசுங்கி வட்டத் தடம் விழும். சில டவல்களில் அது துவைத்தாலும் முழுதாகப் போகாது. போதாததற்கு, பாதித் தையலில் உள் வளையம் எகிறி வெளியே வரவும் கூடும். ஹூப் மாட்டிய பிறகு ஓரங்களைப் பிடித்து இழுத்துச் சுருக்கம் எடுப்பதும் தவறு. இழுபட்ட டவல் ஹூப்பிலிருந்து எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், தைத்த இடம் மட்டும் அப்படியே நின்று சுற்றிலும் சுருக்கம் தட்டும்.

டவலை ஹூப்பில் மாட்டாமல் மேலே மிதக்க விடுவதே எளிது. ஸ்டெபிலைசரை (துணியைத் தாங்க அடியில் வைக்கும் தாள்) மட்டும் ஹூப்பில் மேளத்தோல் போல விறைப்பாக மாட்டுங்கள். மெஷினை விட்டுத் தள்ளி வந்து அதன்மேல் தற்காலிகப் பசை ஸ்ப்ரேயை லேசாக அடியுங்கள். டவலை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவி ஒட்டுங்கள். மேலே டாப்பிங்கை விரித்து, டிசைனைச் சுற்றி நீளத் தையலில் ஒரு பேஸ்டிங் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) சதுரம் ஓட்டுங்கள். பசை மட்டும் டவலின் கனத்தைத் தாங்காது, நகராமல் பிடித்து வைப்பது இந்தச் சதுரம்தான். ஆகவே நேரம் மிச்சம் என்று அதைத் தவிர்க்க வேண்டாம்.

அடியில் வைக்கும் ஸ்டெபிலைசரில் ஒரு குழப்பம் உண்டு. மேலே போடும் பிளாஸ்டிக் போன்ற தாளையே அடியிலும் போட்டுவிடுகிறார்கள். ஊசி குத்தக் குத்த அது தபால்தலை விளிம்பு போலக் கிழிந்துகொண்டே போகும், டிசைன் நகர்ந்துவிடும். எளிய எழுத்துக்கு நடுத்தர கனமுள்ள டியர்-அவே (தைத்த பிறகு கையால் கிழித்து எடுப்பது) போதும். நெருக்கமான ஃபில் இருந்தால் கட்-அவே (சுற்றிலும் வெட்டிவிட்டு, தையலுக்கு அடியில் அப்படியே விடுவது) வேண்டும். டவலின் பின்பக்கமும் கண்ணில் படும் என்பதால், தண்ணீரில் கரையும் துணி வகை ஸ்டெபிலைசரும் நல்ல தேர்வு.

இடம் குறிப்பதில்

விரித்து வைத்த டவலைப் பார்த்து இடம் குறிக்காதீர்கள். எப்படித் தொங்குமோ அப்படி மடித்துப் பாருங்கள். குளியல் டவலை நீளவாக்கில் மூன்றாக மடித்துத் தொங்கவிடுவார்கள் என்றால் பெயர் நடு மடிப்புக்குள் அடங்க வேண்டும். எழுத்தின் அடி, தொங்கும் ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கண்ணி இல்லாத பட்டை இருந்தால் அதற்கு மேலே சுமார் 5 செ.மீ. விட்டுத் தொடங்கலாம். பட்டை இல்லாத டவலில் கீழ் ஓரத்திலிருந்து 10 செ.மீ. கண்ணிகளின் மேல் பேனாக் குறி நிற்காது. டிசைனைக் காகிதத்தில் அச்சிட்டு, நடுப்புள்ளியில் குறுக்குக் கோடு போட்டு, குண்டூசியால் குத்தி வையுங்கள். தையல் தொடங்கும் முன் குண்டூசியை எடுக்க மறக்க வேண்டாம்.

துவைக்காத டவல்

பருத்தி டவல் முதல் துவையல்களில் சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது. துவைக்காமல் தைத்தால் டிசைனைச் சுற்றிப் பிற்பாடு நெளிவு வரும். சாஃப்ட்னர் இல்லாமல் ஒரு முறை துவைத்து நன்றாகக் காயவைத்துவிடுங்கள். ஈரம் சிறிது இருந்தாலும் டாப்பிங் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். நூலில் ரேயானுக்குப் பளபளப்பு உண்டுதான், ஆனால் அடிக்கடி துவைக்கும் பொருளுக்கு 40 எண் பாலியஸ்டர்தான் நிலைக்கும். பாபினில் (அடி நூல் சுற்றிய சிறு உருளை) டவலின் நிறம் அல்லது மேல் நூலின் நிறம். ஊசி 75/11 எம்ப்ராய்டரி ஊசி, டவல் மிகத் தடிமன் என்றால் 90/14.

மெஷின் ஓடும்போது

முதல் ஆயிரம் தையல் வரை மெஷினை விட்டு நகராதீர்கள். வேகத்தை நிமிடத்துக்கு 600 தையலுக்குள் வையுங்கள். பிரஸ்ஸர் ஃபுட்டின் முனை கண்ணிக்குள் நுழைந்தால் ஹூப்பே இழுபடும், அடுத்த நிற நூல் இரண்டு மி.மீ. தள்ளி விழும். உயரத்தை மாற்றும் வசதி இருந்தால் ஃபுட்டைச் சற்று உயர்த்துங்கள். டாப்பிங் தாளை டிசைன் அளவுக்கே வெட்டாமல் நாலு பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக விட்டால் ஃபுட் அதன்மேல் வழுக்கிப் போகும்.

மேசைக்கு வெளியே தொங்கும் டவலின் கனமும் ஹூப்பை இழுக்கும். மீதி டவலைச் சுருட்டி மேசை மேலேயே வையுங்கள். தொடங்கும் முன் ஹூப்புக்கு அடியில் கைவிட்டு ஒரு முறை துழாவிப் பாருங்கள். மடிந்து கிடக்கும் ஒரு மூலை டிசைனோடு சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதற்குள் கண்ணிகளும் பிய்ந்துவிடும்.

முடித்த பிறகு

டாப்பிங்கைக் கிழிப்பதற்கு முன்பே இடைநூல்களை (ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் நூல்களை) வெட்டிவிடுங்கள். தாள் இருக்கும்வரை கண்ணிகள் கத்தரி முனைக்குச் சிக்காது. பிறகு பெரிய துண்டுகளைக் கையால் கிழித்து, எழுத்துக்குள் நிற்கும் துணுக்குகளை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தாளின் மிச்சம் இருக்கும்போது அயர்ன் வைத்தால் உருகி நூலோடு ஒட்டிப்போகும். ஏதாவது கண்ணி நீண்டு வந்திருந்தால் இழுக்காதீர்கள், இழுத்தால் பக்கத்துக் கண்ணிகளும் சேர்ந்து வரும். மட்டமாக வெட்டிவிடலாம், அதனால் டவல் பிரியாது.

டவலிலிருந்து உதிரும் பஞ்சு பாபின் கேஸுக்குள் அடைந்துகொள்ளும். ஒவ்வொரு டவலுக்குப் பிறகும் ஊசித் தட்டைக் கழற்றிப் பிரஷால் வழித்தெடுங்கள். ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும். பாபின் கேஸின் டென்ஷன் தகட்டுக்கு அடியில் ஒரு இழை சிக்கினாலே பாபின் நூல் தளர்ந்து டிசைனின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் டென்ஷன் திருகில் கை வைக்கும் முன் ஒரு விசிட்டிங் கார்டின் மூலையைத் தகட்டுக்கு அடியில் விட்டு வழித்துப் பாருங்கள்.