கொழும்பில் தனித்து இயங்கும் மக்கள் தொடர்பு ஆலோசகராவது எப்படி?

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் தன் செய்தியை மூன்று மொழி வாசகரிடமும் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஊடகங்களுக்கான அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சிங்களத்திற்குப் போய், பத்திரிகைப் பக்கங்கள் மூடப்படும் வேளையில்தான் அவசரத் தமிழாக வந்து சேர்கிறது. தமிழ் வாசகருக்கு இழைக்கப்படும் இந்த அலட்சியத்தைத் திருத்தக்கூடியவருக்கு இந்நகரில் நிச்சயமாக வேலை உண்டு என்று நான் நம்புகிறேன்.

முதலில் பதிவு. உங்கள் சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் செய்வதாயின், பிரதேச செயலகத்தின் ஊடாக வணிகப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க அச்சான்றிதழ் தேவைப்படும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கமும் பெற்றுக்கொள்ளுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால், வரவு செலவுக் குறிப்பையும் அதே ஆண்டுக் கணக்கில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது படி, ஊடகங்களை அறிந்துகொள்வது. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன், 1997இல் வந்த தினக்குரல், யாழ்ப்பாணத்தின் உதயன் ஆகிய பத்திரிகைகள், சக்தி, வசந்தம் தொலைக்காட்சிகள், சூரியன் எப்.எம். என ஒவ்வொன்றையும் இரண்டு வாரமாவது ஊன்றி வாசித்தும் கேட்டும், எந்தப் பக்கத்தில் அல்லது எந்த நிகழ்ச்சியில் எத்தகைய செய்தி இடம்பெறுகிறது என்று எழுதி வையுங்கள். செய்தி ஆசிரியரை எந்த நேரத்தில் அழைக்கலாம், வாரவெளியீட்டின் பக்கங்கள் எந்த நாளில் நிறைவடைகின்றன என்பவற்றை அங்கேயே கேட்டு அறியுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் ஊடகவியலாளர் சந்திப்பு வைக்க வேண்டாம்.

மூன்றாவதான அறிக்கை எழுதுதலே இத்தொழிலின் உயிர். புறக்கோட்டையில் வாசனைத் திரவிய வியாபாரம் செய்யும் ஒருவர் மாத்தளையில் மிளகு பதப்படுத்தும் ஆலை ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில வணிகப் பக்கம் முதலீட்டுத் தொகையையும் ஏற்றுமதிச் சந்தையையும் கேட்கும். சிங்களப் பத்திரிகைக்கு விவசாயியிடம் என்ன விலைக்கு மிளகு வாங்கப்படும் என்பது முக்கியம். தமிழ்ப் பத்திரிகையின் மலையக வாசகருக்கோ அங்கே எத்தனை பேருக்கு வேலை, தோட்டத்துப் பெண்கள் விண்ணப்பிக்கலாமா, போக்குவரத்து உண்டா என்பதே முதற்கேள்வி. ஆகவே ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்காமல், ஒரே உண்மைகளைக் கொண்டு மூன்று அறிக்கைகள் எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது என்பவை முதற்பந்தியில் வந்துவிட வேண்டும். 'முன்னணி', 'புகழ்பெற்ற' போன்ற அடைமொழிகளை ஆசிரியர் பீடம் வெட்டுவதற்கு முன் நீங்களே வெட்டிவிடுங்கள்.

அனுப்பும் முறையிலும் கவனம் தேவை. என் தொடக்க காலத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த அறிக்கையொன்றை அனுப்பினேன். மறுமுனையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்ததால், செய்தி அன்று வெளிவரவில்லை. யுனிகோடில் எழுதி, வேர்ட் கோப்பாகவும் மின்னஞ்சலின் உடலிலும் அனுப்புங்கள். பி.டி.எப். கோப்பிலிருந்து தமிழைப் பிரதி செய்யும்போது எழுத்துகள் பலவேளைகளில் சிதைந்துவிடும். படத்தில் உள்ளவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக, அவரவர் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே தாருங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மாதாந்தத் தொகையா, ஒரு நிகழ்வுக்கான தொகையா என்பதை எழுத்தில் உடன்பட்டு, முற்பணம் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குங்கள். செய்தி வெளியாகும் என்று மட்டும் ஒருபோதும் வாக்களிக்காதீர்கள்: பணம் கொடுத்துப் பெறுவது விளம்பரம், செய்தியைத் தீர்மானிப்பவர் ஆசிரியர் என்பதை வாடிக்கையாளருக்கு முதற்சந்திப்பிலேயே விளக்குங்கள். ஊடகவியலாளருக்குப் பரிசுப்பொதி கொடுக்கும்படி கேட்பவரின் வேலையை மறுத்துவிடுவதே நேர்மை. வாடிக்கையாளர் தவறு செய்திருக்கையில் அதை மறைத்து அறிக்கை எழுதுவதற்கும் இது பொருந்தும்; ஒருமுறை பொய்யான தகவல் தந்தவரின் மின்னஞ்சலை ஆசிரியர் பீடம் பிறகு நம்பித் திறக்காது.

வெளியான செய்திகளின் நறுக்குகளை மாத இறுதியில் ஓர் அறிக்கையாகத் தொகுத்து வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். செய்தி பிடித்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி இலட்சக்கணக்கில் பெறுமதி காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மக்கள் தொடர்புப் பணியின் பலனை அளப்பதற்கென 2010ஆம் ஆண்டில் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட பார்சலோனாக் கோட்பாடுகள் அதை இத்தொழிலின் அளவுகோலாக ஏற்கவில்லை. மாறாக, மேற்சொன்ன ஆலையின் உதாரணத்தில், செய்தி வந்த வாரத்தில் மிளகு விற்க எத்தனை விவசாயிகள் அழைத்தார்கள், வேலைக்கு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, அவற்றில் தமிழில் எழுதப்பட்டவை எத்தனை என்று ஆலையில் கேட்டறிந்து, அந்த எண்களை மாத அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதுங்கள்.