அடி இறக்கத்துக்குப் பயிற்சி செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயங்காலமானால் அடிவயிறு கனக்கிறது. தும்மினால் கீழே ஏதோ நழுவுகிற மாதிரி இருக்கிறது. குளிக்கும்போது பிறப்புறுப்பு வாயில் மெத்தென்று ஓர் உருண்டை கைக்குத் தட்டுப்படுகிறது. இதைத்தான் வீட்டில் ‘அடி இறக்கம்’, ‘கர்ப்பப்பை இறங்கிடுச்சு’ என்கிறார்கள். ஆனால் எப்போதும் இறங்குவது கர்ப்பப்பைதான் என்றில்லை. பிறப்புறுப்பின் முன்சுவர் வழியாகச் சிறுநீர்ப்பையோ, பின்சுவர் வழியாக மலக்குடலோ துருத்திக்கொண்டு வரலாம். எது இறங்கியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொல்லாமல், இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தொடங்குவதுதான் முதல் தவறு.

இதில் நான்கு நிலைகள் உண்டு. இறங்கிய பாகம் பிறப்புறுப்பு வாயைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வராதவரை முதல் இரண்டு நிலைகள். இந்தப் பெண்களுக்குத்தான் பயிற்சி நன்றாகக் கைகொடுக்கும். பிரிட்டனில் 2019இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல், தொந்தரவு உள்ள இப்படிப்பட்டவர்களுக்கு முதல் வழியாகக் குறைந்தது 16 வாரப் பயிற்சியை, அதுவும் பயிற்றுநர் மேற்பார்வையில் செய்யச் சொல்கிறது. இறங்கியது முழுக்க மேலே ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். கனமும் இழுப்பும் குறையும், சிறுநீர்க் கசிவு குறையும், மேற்கொண்டு இறங்காமல் தாங்கும். அதுவே பெரிய விஷயம்.

பயிற்சியிலேயே அதிகமாக நடக்கும் தவறு திசை மாறுவது. முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல இருப்பவை இடுப்புத் தளத் தசைகள். இவற்றை உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும். ‘இறுக்குங்கள்’ என்றதும் பலர் மூச்சைப் பிடித்துக் கீழ்நோக்கி முக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1991இல் வெளியான ஓர் ஆய்வில், வெறும் வாய்வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பெண்கள்தான் சரியாகச் செய்தார்கள். நாலில் ஒருவர் செய்த விதம் கசிவை அதிகமாக்கக்கூடியதாக இருந்தது. அடி இறக்கம் உள்ளவர் தினமும் மூன்று வேளை இப்படி முக்கினால், செய்யாமல் இருப்பதே மேல்.

சரிபார்ப்பது சுலபம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கால்களுக்கிடையில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடியுங்கள். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அந்த இழுப்பை முன்னால் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, மேலே தூக்குங்கள். ஆசனவாய் சுருங்கி, அதற்கும் பிறப்புறுப்புக்கும் நடுவிலுள்ள சதை உள்ளே போனால் சரி. அந்தச் சதை உப்பிக் கண்ணாடியை நோக்கி வந்தால் நீங்கள் முக்குகிறீர்கள், உடனே நிறுத்துங்கள். இன்னொரு கை தொப்புளுக்கு மேலே இருக்கட்டும், அந்த இடம் கல்லாக இறுகக் கூடாது. பிட்டமும் தொடையும் தளர்ந்திருக்க வேண்டும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

தொடக்கத்தில் 3 முதல் 5 விநாடி பிடித்து, அதே அளவோ இரு மடங்கோ தளர விடுங்கள். 8 முதல் 10 தடவை, ஒரு நாளில் மூன்று வேளை. மெல்ல மெல்ல 10 விநாடிக்கு வரலாம். கடைசியில் சட்டென்று இறுக்கி விடுவது ஒரு பத்து. ஐந்தாவது தடவையிலேயே பிடி நழுவினால் ஐந்தோடு நிறுத்துங்கள், ஆறாவதைப் பிட்டமும் தொடையும்தான் செய்யும். தளர விடுவதும் பயிற்சியில் பாதி. எப்போதும் இறுகியே இருக்கும் தசையில் வலி வரும், சிறுநீர் முழுதாகப் போகாது. சிறுநீரைப் பாதியில் நிறுத்தித் தசையை ஒரு தடவை அடையாளம் கண்டுகொள்ளலாம். அதையே தினசரிப் பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகும் வழக்கம் கெடும். படுத்துச் செய்வது பழகிய பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்று. இருமல், தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொள்ளப் பழகினால், பயிற்சி அன்றாட வாழ்க்கைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நிற்கும் விதத்தில், ‘வயிற்றை உள்ளே இழு, பிட்டத்தை உள்ளே மடக்கு’ என்ற அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. முதுகின் கீழ்ப்பகுதியில் இயல்பான வளைவு இருக்கும்போது உறுப்புகளின் பாரத்தில் ஒரு பங்கை முன்னாலுள்ள பூப்பெலும்பு ஏற்கிறது. பிட்டத்தை மடக்கினால் பாரம் திறப்பை நோக்கிச் சரிகிறது. நாள் முழுக்க எக்கிய வயிறும், பிரசவத்துக்குப் பிறகு இறுக்கிக் கட்டும் துணியும், பாவாடை நாடாவின் இறுக்கமும் அழுத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. இரண்டு காலிலும் சமமாக நின்று, வயிற்றைத் தளர விட்டு, விலாவை இடுப்புக்கு நேர் மேலே வைத்தால் போதும். நிற்கும் முறை மட்டும் இறங்கியதைத் தூக்காது. பாரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வேலை செய்வது தசை.

கழிப்பறையில் நடக்கும் சேதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் பத்து நிமிடம் மூச்சுப் பிடித்து முக்கினால், பயிற்சியில் சேர்த்த பலன் அங்கேயே கரைந்துவிடும். மேல்நாட்டுக் கழிப்பறையில் பாதத்துக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர முக்காலி போடுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரட்டும். முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, வயிற்றைத் தளர்த்தி, ‘ஸ்ஸ்’ என்று மூச்சை வெளியே விடுங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். பின்சுவர் இறங்கியவர்களுக்கு மலம் பாதியில் தங்கும். சுத்தமான விரலால் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள இடத்தை அழுத்திக் கொடுத்தால் வந்துவிடும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கீரை, கொய்யா, முழுப்பயறு, தேவையான தண்ணீர் எல்லாம் இந்தச் சிகிச்சையின் பகுதிதான். தீராத இருமலையும் அப்படியே விடாமல் வைத்தியம் பாருங்கள்.

நிரம்பிய சமையல் காஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும். அதைத் தூக்கவே வேண்டாம், உருட்டக்கூட வேறு ஆளைக் கூப்பிடுங்கள். குடத்தை அரைக்குடமாக்கி இரண்டு நடை போங்கள். எதைத் தூக்கினாலும் உடம்போடு ஒட்டி வைத்து, முதலில் தசையை இறுக்கி, மூச்சை விட்டபடி தூக்குங்கள்.

யோகா நல்லதுதானே என்று எல்லா ஆசனமும் செய்கிறார்கள். படுத்து எழும் ‘சிட்-அப்’, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்குவது, நவாசனம், கபாலபாதி, பஸ்திரிகா, கயிறு தாண்டுவது எல்லாம் வயிற்று அழுத்தத்தை ஏற்றுபவை. தசை வலுப்படும்வரை அவற்றைத் தள்ளி வையுங்கள். இடுப்பை மெல்லத் தூக்கும் சேதுபந்தாசனம் செய்யலாம், நடக்கலாம். சாயங்காலம் கனம் கூடினால் இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்தால் இதமாக இருக்கும். எந்தப் பயிற்சிக்குப் பிறகு உருண்டை அதிகமாகத் தெரிகிறதோ அதைக் குறைத்துவிடுங்கள்.

மூன்றாம் வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தசை வளர மூன்று மாதமாவது வேண்டும். அதற்குள்ளும் தொந்தரவு பொறுக்க முடியாவிட்டால் இறங்கியதை உள்ளிருந்து தாங்கும் பெஸரி என்ற சிலிகான் வளையத்தை மருத்துவர் அளவு பார்த்துப் பொருத்துவார். அதை வைத்துக்கொண்டே பயிற்சி செய்யலாம். அதைத் தோல்வியாக நினைத்து மறுப்பது ஒரு தவறு, வைத்துக்கொண்டு மறந்துவிடுவது இன்னொரு தவறு. கழற்றிக் கழுவாமலும் மருத்துவரிடம் காட்டாமலும் விட்டால் உள்சுவர் புண்ணாகும். மாதவிடாய் நின்றவர்களுக்குச் சுவர் மெலிந்திருப்பதால் இன்னும் சீக்கிரம் புண்ணாகும்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், வெளியே வந்த பாகம் உள்ளே போகாமல் நின்றால், அதில் புண்ணோ ரத்தக் கசிவோ தெரிந்தால், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.