நர்சிங் முதல் வருடம்: சிட்டையும் பேரேடும் வைத்துப் படிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து நர்சிங் சேரும் பிள்ளைகள் பலர் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். நானும் அப்படித்தான் போனேன். முதல் அனாட்டமி வகுப்பு முழுக்க ஆங்கிலம். இரவு விடுதியில் நோட்டைத் திறந்தால் நான் எழுதியது எனக்கே புரியவில்லை. மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போயிருங்கப்பா" என்று அழுதேன்.

அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர். மறுநாளே வந்தார். ஆனால் கூட்டிக்கொண்டு போகவில்லை. "அன்னன்னைக்குக் கணக்கை அன்னன்னைக்கே சிட்டையில ஏத்திரும்மா. ஞாயித்துக்கிழமை பேரேட்டுக்கு மாத்து. நாலு நாள் விட்டுட்டா அப்புறம் யாராலயும் நேராக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கடையில் இரண்டு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய நம் ஊர்க்காரர்கள் கடல் தாண்டிய கணக்கைச் சிட்டையும் (அன்றாடக் கணக்கு நோட்டு) பேரேடும் (அதை ஆள்வாரியாகப் பிரித்து எழுதும் பெரிய நோட்டு) வைத்துத்தான் ஆண்டார்கள். நான் படிப்பைத் தேற்றியதும் அந்த இரண்டு நோட்டில்தான். அதை எப்படிச் செய்வது என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சேரும்போதே பார்க்க வேண்டியவை

பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், 8 செமஸ்டர். ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் தாதியமும்) டிப்ளமோ 3 வருடம். எதில் சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் இரண்டின் அங்கீகாரமும் இருக்க வேண்டும். பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் 'ஒரு வருட நர்சிங்' என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பணம் கட்டிவிட்டு, குழுமத்தில் பதிவு செய்ய முடியாமல் நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும். பதிவு இல்லையென்றால் செவிலியர் இல்லை. இதில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் முதல் மாதமே கேளுங்கள்.

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியை வார்டுக்குள் போகுமுன் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, 1 மாதத்தில் இரண்டாவது, 6 மாதத்தில் மூன்றாவது. அப்புறம், நொடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்ததே போதும்.

வருகைப் பதிவு 80 சதவீதம் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். செய்முறைப் பயிற்சியில் விட்ட நாளையெல்லாம் ஈடுகட்டி 100 சதவீதம் ஆக்கினால்தான் பட்டம். பிள்ளையார் நோன்பு, ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் லீவு எடுக்க முடியாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 2: சிட்டை

ஒரு சின்ன நோட்டு, யூனிஃபார்ம் பையில் அடங்குகிற அளவு. வகுப்பிலும் வார்டிலும் காதில் விழுந்த புதிய வார்த்தை, பார்த்த நோய், தொட்ட கருவி, புரியாத கேள்வி எல்லாம் அதில் விழவேண்டும். அழகாக எழுத வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் சரி. நோயாளியின் பெயர் மட்டும் வேண்டாம். அது அவருடைய அந்தரங்கம். 'படுக்கை 7, வயது 60, கால் புண்' என்றால் போதும்.

இரவு தூங்குமுன் 20 நிமிடம். அன்று விழுந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். புத்தகத்தில் கிடைக்காததற்குக் கேள்விக்குறி போட்டு மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். முதல் ஒரு மாதம் கேள்விக்குறிதான் அதிகம் இருக்கும்.

படி 3: பேரேடு

பெரிய நோட்டு. கடையில் ஆள்வாரியாகப் பக்கம் ஒதுக்குவது போல, இங்கே உறுப்புவாரியாகப் பக்கம் ஒதுக்குங்கள். இதயத்துக்கு 10 பக்கம், சிறுநீரகத்துக்கு 10, நுரையீரலுக்கு 10. ஞாயிறு காலையில் சிட்டையிலிருந்து பிரித்து ஏற்றுங்கள்.

முதல் செமஸ்டரில் அனாட்டமி (உடற்கூறு), ஃபிசியாலஜி (உடல் இயக்கம்), நர்சிங் ஃபவுண்டேஷன் (செவிலிய அடிப்படை) எல்லாம் தனித்தனிப் பாடம். ஆனால் உடம்பு ஒன்றுதான். சிறுநீரகப் பக்கத்தில் நெஃப்ரான் படமும் இருக்கும். சிறுநீர் அளவு குறிப்பது எப்படி என்பதும் இருக்கும். மூன்றாம் செமஸ்டரில் பார்மகாலஜி (மருந்தியல்) வரும்போது அதே பக்கத்தில், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ஃப்ரூசமைடு மாத்திரை வந்து உட்காரும். அந்த மாத்திரை ஏன் பொட்டாசியத்தைக் குறைக்கிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. மேலே வரைந்த படமே சொல்லிவிடும்.

படி 4: இரண்டு மொழி, இரண்டு அகராதி

மருத்துவ ஆங்கிலம் பார்க்கத்தான் மலை. வார்த்தையை உடைத்தால் பாதி பயம் போய்விடும். ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். பிராடி மெதுவு, டேக்கி வேகம். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. கேஸ்ட்ரோ வயிறு, ஹெப்பட்டோ கல்லீரல், நெஃப்ரோ சிறுநீரகம். இப்படி ஒரு 50 துண்டுகளைச் சிட்டையின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தால், கேள்விப்படாத வார்த்தையையும் பிரித்துப் படித்துவிடலாம்.

இரண்டாவது அகராதியைக் கல்லூரியில் யாரும் தரமாட்டார்கள். அது நோயாளியின் தமிழ். இதில்தான் தமிழ் வழியில் படித்து வந்த நீங்கள் மற்றவர்களை விட ஒரு படி மேலே இருக்கிறீர்கள்.

முதல் வருடம் வார்டில் ஒரு ஆச்சி, "மயக்கமா இருக்கு" என்றார். நான் தலைசுற்றல் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். பின்னால் வந்த சீனியர் சிஸ்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். சில்லென்று வேர்த்திருந்தது. "தலை சுத்துதா ஆச்சி, குமட்டுதா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். ஆச்சி இன்சுலின் போட்டுக்கொண்டு பலகாரம் தொடாமல் இருந்திருக்கிறார். குளுக்கோமீட்டரில் 54. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்ததால், சிஸ்டர் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்தார். நான் எழுதிய அந்த ஒரு வார்த்தையை இன்றும் மறக்கவில்லை.

அதனால், நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டு பிறகு ஆங்கிலப்படுத்துங்கள். 'நெஞ்சு கரிக்குது' வேறு, 'நெஞ்சை அடைக்குது' வேறு. 'மரத்துப்போச்சு' வேறு, 'மதமதன்னு இருக்கு' வேறு. எப்போது தொடங்கியது, சரியாக எந்த இடம், என்ன செய்தால் கூடுகிறது என்ற மூன்றையும் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பே வெறும் நெஞ்சுக் கரிப்பாக வரலாம். "கேஸ்தான் ஆச்சி" என்று நாமாகச் சொல்லிவிடக் கூடாது.

படி 5: இரத்த அழுத்தம் பார்க்கப் பழகுவது

விடுதியில் அறைத்தோழிகள் கையில் பழகுங்கள். 30 கை பார்த்தபின் காதுக்குப் பிடிபடும்.

உட்காரவைத்து 5 நிமிடம் ஓய்வு கொடுங்கள். கால் தரையில், கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே, மேல்கையில் கட்டிய பட்டையில் காற்றடியுங்கள். நாடி மறையும் எண்ணைப் பாருங்கள். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சற்று விட்டு, அந்த எண்ணுக்கு மேல் 30 வரை மறுபடி ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் முதல் சத்தம் மேல் எண். சத்தம் அடங்குமிடம் கீழ் எண். காது பிடிக்காததால் பக்கத்துப் படுக்கை எண்ணைப் பார்த்து 120/80 என்று எழுதுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். "கேட்கலை சிஸ்டர், நீங்க ஒரு தடவை பாருங்க" என்று சொல்வதில் வெட்கமே இல்லை.

மூச்சை எண்ணும்போது எண்ணுகிறோம் என்று நோயாளிக்குச் சொல்லாதீர்கள். தெரிந்தால் வேகம் மாறிவிடும். நாடி பிடித்த கையை எடுக்காமலே நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

படி 6: கணக்கு

நம்மில் பலர் பயப்படுவது இதற்குத்தான். தினம் 3 கணக்கு போட்டால் ஒரு மாதத்தில் பயம் தெளியும்.

சலைன்: 500 மி.லி., 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாய் செட். 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. குறுக்குவழி, இந்த செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ அதை 3-ஆல் வகுங்கள். 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம். மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டின் உறையில் சொட்டு எண்ணிக்கை அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

குழந்தைக்குப் பாராசிட்டமால்: கிலோவுக்கு 15 மி.கி. என்று டாக்டர் எழுதியிருக்கிறார். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.யில் 250 மி.கி. என்றிருந்தால் 3 மி.லி. 125 மி.கி. என்றிருந்தால் 6 மி.லி. ஒரே மருந்து, ஒரே குழந்தை, அளவு இரட்டிப்பு. லேபிளைப் படித்த பிறகுதான் கை மூடியைத் திறக்க வேண்டும்.

இன்சுலின்: நம் நாட்டு இன்சுலின் குப்பிகளில் 1 மி.லி.க்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. போடுமுன் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

படி 7: வார்டில் உங்களைக் காத்துக்கொள்வது

ஊசியை மறுபடி மூடாதீர்கள். நேரே வெள்ளை டப்பா. இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பை, குழாயும் கையுறையும் சிவப்பு, கண்ணாடிக் குப்பி நீலம். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

படி 8: வீடு வீடாகப் போகும் பயிற்சி

நம் ஊரில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருப்பார். உயர்ந்த நிலைப்படி, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் தரை, கட்டிலிலிருந்து வெகுதூரத்தில் கழிப்பறை. இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிய இவை போதும். அழுத்தம் பார்ப்பதோடு நிறுத்தாமல், இரவு விளக்கு எங்கே எரிகிறது, தைலம் தேய்த்த காலோடு நடக்கிறார்களா என்றெல்லாம் பார்த்து எழுதுங்கள்.

செட்டியார் வீட்டில் 'ஆச்சி' என்றும், கிராமத்தில் 'அப்பத்தா' என்றும் கூப்பிட்டால் கதவு சுலபமாகத் திறக்கும். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது 'பணியாரம் கூடாது' என்று தொடங்காதீர்கள். எத்தனை, எந்த வேளையில், கூட என்ன என்று கேளுங்கள். "கவுனி அரிசிதான் சாப்பிடுறேன், அது சுகருக்கு நல்லதாமே" என்பார்கள். அதில் எவ்வளவு சர்க்கரை கலந்து கிண்டினார்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

படி 9: பரீட்சை

எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும். ஆங்கிலப் பாடத்துக்கு 40 போதும். பேரேட்டை ஒழுங்காக ஏற்றியிருந்தால் படிப்பு விடுமுறையில் புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்காது. ஒரு தாள் போய்விட்டால், முடிவு வந்த வாரமே அந்தப் பாட ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எனக்கு ஃபிசியாலஜி ஒருமுறை போனது. அடுத்த முறை எழுதித் தேறினேன்.

செய்முறைத் தேர்வில் தேர்வாளர் பக்கத்தில் நிற்கும்போது கை நடுங்கும். அவரைப் பார்க்காதீர்கள். முதலில் கை கழுவுங்கள். படுக்கையில் இருப்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று தமிழில் விளக்கி, சம்மதம் கேளுங்கள். பிறகு திரையை இழுத்து மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.